எரு லாரி வரும் முன் தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்

கோடை மழை நீலகிரியின் கேத்தி பாலாடா பக்கம் முக்கால் மணி நேரம் அடித்து ஓய்ந்ததும் சாலையோர வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். டீக்கடை டீ நிறத்தில் தண்ணீர் ஓடும். கார்போகத்துக்கு (ஏப்ரல், மே வாக்கில் தொடங்கும் முதல் போகம்) என்று கொத்தி, எரு போட்டு, பாத்தி பிடித்து வைத்த தோட்டங்களின் மேல்மண்தான் அந்த நிறம். நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்த கோழி எருவில் ஒரு பங்கும் அதிலேயே கலந்து போய்க்கொண்டிருக்கும். அடுத்த போகத்துக்கு மறுபடி ஒரு லோடு சொல்வோம்.

நீலகிரியில் மண்வளம் என்று பேச்செடுத்தால் உடனே ‘என்ன எரு, எத்தனை லோடு’ என்றுதான் கேள்வி வருகிறது. இயற்கை விவசாயத்துக்கு மாறியவர்களும் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவைத்த கரைசல்) எத்தனை லிட்டர் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த மலைக்கு அந்த வரிசை சரிப்படாது. முதலில் தண்ணீர், அடுத்து புளிப்பு, அதற்குப் பிறகுதான் எரு. முதல் இரண்டும் சரியாகாத நிலத்தில் எருவுக்குக் கொடுக்கும் காசில் பாதி கீழ்த்தோட்டக்காரருக்குத்தான் போகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். உதகை, குந்தா பகுதிகளில் பாத்தியை மேலிருந்து கீழாக, சரிவோடு சரிவாகப் போடுவது வழக்கம். அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. குறுக்கே பாத்தி போட்டால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் கேரட் அழுகும், கிழங்கு அழுகும். அந்தப் பயம் நியாயமானது. தேங்கவும் கூடாது, ஓடவும் கூடாது என்றால் நடக்கவிட வேண்டும். பாத்தி குறுக்கேதான் போக வேண்டும், ஆனால் முழு மட்டமாக இல்லாமல் 100 அடிக்கு 1 அடி வாட்டத்தில். இந்த வாட்டத்தைக் கண்ணால் பிடிக்க முயன்றவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். மலைச்சரிவில் கண் ஏமாற்றும்.

‘ஏ’ சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். இரண்டரை மீட்டர் நீளத்தில் இரண்டு நேரான சவுக்கு அல்லது மூங்கில் கம்பு. உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களுக்கு நடுவே சரியாக 2 மீட்டர் இடைவெளி வரும்படி விரித்து, பாதி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு அடியுங்கள். உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போட்டு, கால் இரண்டையும் இடம் மாற்றி வைத்து, மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கட்டு தளர்ந்தால் எல்லாம் போச்சு, அதனால் ஆணியும் கம்பியும் சேர்த்தே முறுக்குங்கள். இப்போது ஒரு காலின் அடியில் 2 சென்டிமீட்டர் கனத்தில் கட்டை அடித்தால், கயிறு நடுப்புள்ளியில் நிற்கும்போது அந்தக் கால் இருக்கும் தரை 2 சென்டிமீட்டர் கீழே இருக்கும். 2 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஒன்று. கட்டை அடித்த கால் எப்போதும் தண்ணீர் போக வேண்டிய பக்கமே இருக்க வேண்டும். அதை மறந்து சட்டத்தைத் திருப்பிப் பிடித்தால் வாட்டம் தலைகீழாகிவிடும், தண்ணீர் தோட்டத்துக்கு நடுவில் வந்து நிற்கும். சட்டத்தை நடத்திக்கொண்டே போய், கால் ஊன்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள். பாத்தி போக வேண்டிய அந்தக் குச்சி வரிசை பாம்பு மாதிரி வளைந்துதான் வரும். நேராக்க ஆசைப்படாதீர்கள்.

பாத்திகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் வரும் தண்ணீர் எங்கே போய் இறங்கும் என்பதை முதல் குச்சி நடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாத்தி வாய்க்கால் 25, 30 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. அதற்குள் புல் மூடிய இறங்கு வாய்க்கால் ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். வெறும் மண்ணில் இறக்கிவிட்டால் ஒரே மழையில் ஓடை விழும். இறங்கு வாய்க்கால் தொடங்கும் இடத்தில் 1 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதில் படிந்த மண்ணை அள்ளி மேல் பாத்திக்கே கொண்டுபோய்ப் போடுங்கள். இந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. குழி நிரம்பிய பிறகு அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. தோட்டத்தின் தலைமாட்டில் 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தடுப்பு வாய்க்கால் வேண்டும். மேலே இருக்கும் சாலையிலிருந்தும் வீட்டுக் கூரையிலிருந்தும் வரும் தண்ணீர் உங்கள் பாத்திக்குள் நுழையக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. வெடிப்பு விழுந்த சரிவிலும், மழைக்காலத்தில் ஊற்று கிளம்பும் இடத்திலும், கீழே வீடுகள் இருக்கும் ஆழ்மண் மேட்டிலும் தண்ணீரைத் தேக்கும் குழியே வேண்டாம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நடந்த மண்சரிவு நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீரை வெளியே எடுத்துவிடுவதுதான் வேலை.

சரிவு அதிகமென்றால் பாத்தி மட்டும் போதாது, படிமட்டம் வேண்டும். கணக்கு சுலபம். 4 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் 3 மீட்டர் அகலத்துக்குப் படி வெட்டி, முகப்பை 45 பாகைச் சாய்வாக விட்டால், முகப்பு உயரம் 1 மீட்டர் வரும். படி உள்பக்கமாக, மலையை நோக்கிச் சாய வேண்டும், 3 மீட்டருக்கு 7, 8 சென்டிமீட்டர். வெளிப்பக்கம் சாய்ந்தால் முகப்பு அரித்து, கீழ்ப்படி மேல் சரியும். வெட்டும்போது நடக்கும் பெரிய தவறு, மேலே இருக்கும் ஒரு சாண் கறுப்பு மண்ணை அடியில் போட்டுப் புதைப்பது. பிறகு மேலே சிவப்புக் களி மட்டும் நிற்கும், அதில் ஐந்து வருடம் என்ன போட்டாலும் பயிர் பிடிக்காது. மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள், படி முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். 3 மீட்டருக்கு 1 மீட்டருக்கும் மேல் இறங்கும் சரிவில் காய்கறியே வேண்டாம். அங்கே தேயிலையோ, புல்லோ, மரமோ போதும்.

முகப்பில் என்ன புல் என்று கேட்பார்கள். வெட்டிவேர் கோத்தகிரிக்குக் கீழே நன்றாக வரும். உறைபனி விழும் உதகைப் பள்ளங்களில் திணறும். குவாத்தமாலா புல் தேயிலைத் தோட்டங்களில் பழக்கமானது, அது நல்லது. கிகுயூ புல்லை மட்டும் வரப்பில் வைக்காதீர்கள். மண்ணைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரே வருடத்தில் பாத்திக்குள் ஓடி, கேரட்டுக்கு முன்னால் அது விளையும்.

அடுத்து புளிப்பு. மேல் நீலகிரி மண்ணில் கார அமில நிலை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4.5-லிருந்து 5.5-க்குள் நிற்கும். மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் டிஏபியும் தங்கள் பங்குக்குப் புளிப்பை ஏற்றுகின்றன. இந்த நிலையில் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கட்டிப் போட்டுவிடும். மலைப்பகுதி உருளைக்கிழங்குக்கான பரிந்துரையைப் பாருங்கள். ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120, மணிச்சத்து 240, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 120 கிலோ. மணிச்சத்து மட்டும் இரண்டு மடங்கு. பயிருக்கு அவ்வளவு பசி என்று அர்த்தமில்லை, மண் பிடுங்கிக்கொள்வதற்கும் சேர்த்துப் போடுகிறோம்.

மண் மாதிரி எடுப்பதில் சோம்பல் வேண்டாம். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம், ஒவ்வொன்றிலும் ‘வி’ வடிவில் ஒரு சாண் ஆழம் வெட்டி, வெட்டு முகத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல். எருக்குவியல் இருந்த இடம், வரப்பு ஓரம், மர நிழல் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ நிற்கும்வரை அப்படியே குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஆய்வுக்கூடத்தில் அமில நிலை மட்டும் கேட்காமல், ‘சுண்ணாம்புத் தேவை எவ்வளவு’ என்று சேர்த்துக் கேளுங்கள். அமில நிலை 5 காட்டும் இரண்டு தோட்டத்துக்கு ஒரே அளவு சுண்ணாம்பு போதாது. மட்கு அதிகமுள்ள கறுப்பு மண் கூடுதலாகக் கேட்கும், மெலிந்த மண்ணுக்குக் குறைவாகப் போதும்.

நம் மண்ணில் மக்னீசியமும் குறைவு என்பதால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூளான டோலமைட்தான் பொருத்தம். புளிப்பை முறிக்கும் வலிமையில் சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 என்றால் டோலமைட் 108, நீர்த்த சுண்ணாம்பு 135. ஜிப்சம் புளிப்பை முறிக்காது. கடையில் ‘அதுவும் கால்சியம்தானே’ என்பார்கள், நம்பாதீர்கள். மூட்டையைப் பிரித்து விரலிடையில் தேயுங்கள், மைதா மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும். நறநறவென்றால் அந்தக் குருணை கரைய வருடக்கணக்காகும். சுண்ணாம்பு போட்டும் அமில நிலை எண் ஏறாததற்குப் பாதிக் காரணம் இந்தக் குருணைதான்.

ஆய்வு ஏக்கருக்கு 2 டன் சொன்னால், ஒரே தடவையில் கொட்டாமல் ஒரு போகத்துக்கு 1 டன்னாகப் பிரியுங்கள். 1 டன் என்பது சென்ட்டுக்கு 10 கிலோ. 10 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலமுள்ள பாத்திக்கு 3 கிலோ. மண் ஈரமாக இருக்கும்போது தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மூன்று நான்கு வாரம் விடுங்கள். மேலாகத் தூவிவிட்டுப் போனால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் மாறும். அதே நாளில் கோழி எருவோ அம்மோனியா உரமோ போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், மூக்கே சொல்லிவிடும்.

எந்தப் பயிருக்கு முன் போடுவது என்பதில்தான் சாமர்த்தியம். உருளைக்கிழங்கு 5-லிருந்து 5.5 வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஏற ஏறக் கிழங்கில் சொறி வரும், மண்டியில் விலை விழும். பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் 6-க்கு மேல் கேட்பவை, அதிலும் பீட்ரூட் புளிப்பைத் துளியும் தாங்காது. ஆகவே கிழங்கு தோண்டிய கையோடு டோலமைட் போடுங்கள், அடுத்து கோஸோ பீட்ரூட்டோ வையுங்கள். சுழற்சி திரும்பிக் கிழங்குக்கு வரும்போது மண் தானாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும். கோஸில் வேர் வீங்கி விரல் விரலாகத் தொங்கும் கிளப் ரூட் வந்த தோட்டத்தில் சிக்கல் பெரிது. அது 7-ஐத் தாண்டினால்தான் நன்றாக அடங்கும். அவ்வளவு ஏற்றினால் உருளைக்கிழங்கைச் சில வருடம் மறக்க வேண்டியதுதான். இரண்டையும் ஒரே தோட்டத்தில் காப்பாற்ற முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுண்ணாம்பு அதிகமானால் போரான் கிடைக்காமல் பீட்ரூட்டின் நடு கறுக்கும், காலிஃபிளவர் தண்டு உள்ளே குடைவிழும். ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ் போதும். மணலோடு கலந்து சீராகத் தூவுங்கள். கை தாராளமானால் பயிர் கருகும்.

இப்போது எரு லாரி வரலாம்.

கோழி எருவில் இரண்டு வகை. கறிக்கோழிப் பண்ணையிலிருந்து வருவதில் உமியோ தேங்காய் நாரோ கலந்திருக்கும். கூண்டு முட்டைக்கோழி எருவில் அது இருக்காது. ஆனால் தீவனத்தில் கொடுத்த கிளிஞ்சல், சுண்ணாம்பு வெளியேறிக் கலந்திருக்கும். அதைத் தொடர்ந்து போடுபவர்கள் டோலமைட் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கில் சொறி எங்கிருந்து வந்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். எந்த வகையானாலும் பச்சையாகப் போட்டால் நாற்றின் வேர் கருகும், ஈ மொய்க்கும், கேரட் இரண்டு கால் மூன்று கால் விடும். கால் விட்ட கேரட்டைக் கழுவும் இடத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்கள்.

மட்க வையுங்கள். கோழி எரு ஒரு பங்குக்குக் காய்ந்த பொருள் மூன்று பங்கு, கனஅளவில். உமி கலந்த எரு என்றால் இரண்டு பங்கு போதும். காய்ந்த புல், தேயிலைக் கவாத்துக் குச்சியை நறுக்கியது, பூக்கும் முன் வெட்டிய உண்ணிச்செடி, பெரணிச் செடி எல்லாம் ஆகும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை கொஞ்சம் போதும், எண்ணெய் இருப்பதால் மெதுவாகத்தான் மட்கும். கிகுயூ கொடியை வெயிலில் காயப்போடாமல் சேர்த்தால் குவியலே தோட்டமாகிவிடும். கிளப் ரூட் வந்த கோஸ் வேர் சேரவே கூடாது. கருகல் நோய் வந்த உருளைச் செடி மட்கினால் பரவாயில்லை, ஆனால் ஒதுக்கிய அழுகல் கிழங்கைத் தோட்டத்து ஓரத்தில் குவிக்காதீர்கள். அதில் முளைக்கும் செடியிலிருந்துதான் அடுத்த போகத்துக் கருகல் கிளம்பும்.

உதகைக் குளிரில் சின்னக் குவியல் சூடேறாது. அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 1.2 மீட்டர், நீளம் வசதிப்படி. கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி மட்டும் சொட்டும் ஈரம். தண்ணீர் ஒழுகினால் அழுகி நாறும், தூசி பறந்தால் மட்காது. மழைக்குத் தார்ப்பாய் போடுங்கள். நாலைந்து நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வர வேண்டும். சூடு தணியத் தொடங்கியதும், ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு தடவை, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மூன்று நான்கு புரட்டல் முடிந்து அப்படியே விட்டால் மொத்தம் நாலு மாதம். சமவெளியில் சொல்லும் 60 நாள் கணக்கு இங்கே நடக்காது. மண் வாசனை வந்து, மூல இலை அடையாளம் தெரியாமல் போனால் தயார். ஏக்கருக்கு 6 டன் என்றால் சென்ட்டுக்கு 60 கிலோ. கிழங்கு நடும்போது முழுத் தோட்டத்துக்கும் வீசாமல் பார் (மேட்டு வரிசை) வெட்டிய பள்ளத்தில் போட்டு, மணிச்சத்து உரத்தையும் அதோடேயே கலந்து போடுங்கள். மட்கு சுற்றியிருக்கும் இடத்தில் இரும்பு அந்தச் சத்தை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

ஜீவாமிர்தத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் புளிப்பு 4.8-ல் நிற்கும் மண்ணுக்கு அது டோலமைட்டின் வேலையைச் செய்யாது.

கடைபோகம் (ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் போகம்) முடிந்து நீர்போகம் (ஜனவரி வாக்கில் தண்ணீர் பாய்ச்சி வைக்கும் போகம்) வைக்காத நிலம் மார்ச் வரை வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் சாமையும் கொரளியும் கோதுமையும் வாற்கோதுமையும் நின்ற நிலம். வடகிழக்கு மழையின் கடைசி ஈரத்தில் ஓட்ஸ் ஏக்கருக்கு 35 கிலோவும் பட்டாணி 15 கிலோவும் கலந்து தூவுங்கள். சணப்பையும் தக்கைப்பூண்டும் கீழ்நாட்டுக்கு உரியவை, இங்கே குளிரில் முழங்கால்கூட எட்டாது. லூபின் விதை கிடைத்தால் அதுவும் இந்த உயரத்துக்கு ஏற்றது, புளிப்பும் தாங்கும். ஓட்ஸ் கதிர் தள்ளும் முன் அறுத்து, இரண்டு நாள் வாடவிட்டுக் கொத்துங்கள். குளிர் மண்ணில் மட்க நாலு வாரமாவது வேண்டும். அவசரப்பட்டுப் பத்தாம் நாள் விதைத்தால், பச்சைத்தழை அழுகும்போது விதையும் சேர்ந்து அழுகும்.

மூடாக்கு எங்கும் நல்லது என்று எழுதுகிறார்கள். ஜனவரியில் நஞ்சநாடு, முத்தொரை பள்ளங்களில் உருளைப் பார் மேல் காய்ந்த புல்லைப் பரப்பிப் பாருங்கள். மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் செடிக்கு விடாமல் புல் தடுக்கும், உறைபனியில் இலை கூடுதலாகக் கருகும். பனி தாண்டும்வரை பார் ஈரமாகவும் திறந்தும் இருக்கட்டும். பிறகு மூடுங்கள்.

கடைசியாக, ஓடும் மண்ணோடு சேர்ந்து ஓடுவது சத்து மட்டும் இல்லை. 1961-ல் உதகை விஜயநகரம் பகுதியில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் கூடு கடுகைவிடச் சிறிது. பயிர் இல்லாமலேயே இருபது வருடத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். செடி பூக்கும் சமயத்தில் ஒன்றைப் பக்குவமாகத் தோண்டி வேரைப் பாருங்கள், வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ மணி மணியாக ஒட்டியிருந்தால் அதுதான். உதறிப் பிடுங்கினால் மணி உதிர்ந்துவிடும், ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவீர்கள். கிழங்கை மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஒரே இடத்தில் வைக்காமல், நடுவே கேரட், பூண்டு, பீன்ஸ், கோஸ் என்று சுழற்றினால் எண்ணிக்கை படிப்படியாக இறங்கும். கடுகை ஊடுபயிராகப் போடச் சொல்வார்கள். கிளப் ரூட் இருக்கும் தோட்டத்தில் வேண்டாம். கடுகும் முள்ளங்கியும் டர்னிப்பும் கோஸின் குடும்பம்தான், அந்த நோய்க்குச் சாப்பாடு போட்டு வளர்த்தது போலாகும். இந்த நூற்புழுவைத் தாங்குவதற்கென்றே குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்கள் வந்தன, விதை கிடைத்தால் விடாதீர்கள்.

மேல்தோட்டத்தில் கூடு இருந்தால் ஒரு மழையில் உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். முதலில் சொன்ன தலைமாட்டு வாய்க்கால் இதற்கும் சேர்த்துத்தான். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்த் திரும்பி வரும் காலிச் சாக்குகள், வாடகைக்கு வரும் பவர் டில்லர், வேலைக்கு வருபவர்களின் பூட்ஸ், மண்வெட்டி இவையெல்லாம் மற்ற வழிகள். வாசலில் ஒரு டிரம் தண்ணீரும் ஒரு தென்னந்துடைப்பமும் வையுங்கள். கழுவிய தண்ணீர் பாத்திப் பக்கம் இறங்காமல் சாலைப் பக்கம் போகும்படி டிரம்மை வையுங்கள்.